பதினோரு தளங்கள், ஒரே சர்வர்: இரவு 2 மணிக்கு விழுந்த டேட்டாபேஸ்

இந்தச் சர்வர் என் கைக்கு வந்தபோது அதில் ஒரு கிரான் வேலை, அதாவது குறித்த நேரத்தில் தானாக இயங்கும் கட்டளை, ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் எழுப்பிவிடும். எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் போட்டுவிட்டுப் போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரவில் தூங்க வேண்டுமென்றால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அந்த ஒரு வரி, சர்வருக்குள் என்ன நடக்கிறது என்பதை மாதக்கணக்கில் எல்லோரிடமிருந்தும் மறைத்துவிட்டது.

இயந்திரம் சின்னது. இரண்டு கோர், 4 ஜிபி ரேம், 80 ஜிபி டிஸ்க், ஸ்வாப் (ரேம் தீர்ந்தால் டிஸ்கில் ஒதுக்கும் மாற்று இடம்) கிடையாது. இயங்குதளம் உபுண்டு 18.04, வலைச் சர்வர் அப்பாச்சி, நிரல்மொழி பிஎச்பி 7.2, மைஎஸ்க்யூஎல் 5.7. அதன் மேல் பதினோரு தளங்கள். எட்டு வேர்ட்பிரஸ், யாரோ கையால் எழுதிய பழைய பிஎச்பி பயன்பாடு ஒன்று, வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக இரண்டு. எட்டில் ஒன்று இணையக் கடை, ஒன்று தினமும் கட்டுரை வரும் இதழ். மற்றவை மாதம் ஒருமுறை யாராவது எட்டிப்பார்க்கும் தளங்கள். நான் பொறுப்பேற்றது 2023 இறுதியில். உபுண்டு 18.04-க்கான வழக்கமான ஆதரவு அந்த ஆண்டு மே மாதமே முடிந்திருந்தது. பிஎச்பி 7.2-க்கு 2020 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆக, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் எது உடைந்திருக்கிறது என்று தெரியாமல் மாற்றினால், அதே உடைசலைப் புது சர்வருக்கும் தூக்கிக்கொண்டு போவோம். அதனால் முதலில் நோயைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

செத்தவன் வேறு, கொன்றவன் வேறு

புகார் எளிமையானது. வாரத்தில் மூன்று நான்கு இரவுகள், 2 மணியை ஒட்டி, எட்டு வேர்ட்பிரஸ் தளங்களும் ஒரே நேரத்தில் 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்று சொல்லும். சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும். இணையக் கடைக்காரர் மட்டும் வெளியூர் வாடிக்கையாளர்களால் இதைக் கவனித்தார். "சார், காலையில நான் பாக்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி ஆர்டர் போட்டவங்க திட்டுறாங்க" என்றார்.

இயங்குதளத்தின் மையமான கர்னல் எழுதும் லாகைத் திறந்ததும் விஷயம் பாதி தெரிந்துவிட்டது. ரேம் தீர்ந்ததால் மைஎஸ்க்யூஎல் புராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை)க் கொல்கிறேன் என்று வரிசையாகப் பதிவுகள். அந்தக் காலத்துக் கர்னல் இதை எழுதும் விதமே ஒரு மாதிரி இருக்கும்: இந்தப் புராசஸைக் கொல், அல்லது அதன் குழந்தையைப் பலி கொடு. இரவில் தனியாக உட்கார்ந்து படிக்கக் கூடாத வாசகம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். மைஎஸ்க்யூஎல் செத்தது, அப்படியானால் அதுதான் ரேமைத் தின்றிருக்க வேண்டும் என்று நினைத்து, அதன் பஃபர் பூல் (தரவை ரேமில் வைக்கும் இடம்) அளவைக் குறைத்தேன். மறுநாள் இரவு மறுபடியும் விழுந்தது. ரேம் தீரும்போது புராசஸைக் கொல்லும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் குற்றவாளியைத் தேடுவதில்லை. யாரைக் கொன்றால் நிறைய ரேம் கிடைக்கும் என்றுதான் பார்க்கிறது. ஒவ்வொரு புராசஸுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் எடுத்தவரை வீழ்த்தும். அப்பாச்சி எண்பது துண்டுகளாகப் பிரிந்து நிற்கும், ஒவ்வொன்றும் சின்னது. மைஎஸ்க்யூஎல் ஒரே ஆளாக 500 எம்பி பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். யார் தலை உருளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து 2 ஜிபி ஸ்வாப் சேர்த்தேன். இதுவும் தப்புதான், ஆனால் பயனுள்ள தப்பு. டேட்டாபேஸ் சாகவில்லை. பதிலாக மொத்தச் சர்வரும் நாற்பது நிமிடம் ஊர்ந்தது. ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம். ஐந்து நிமிடம் செத்து எழுவதைவிட இது மோசம். ஆனால் சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்ததால், உள்ளே நுழைந்து பார்க்க அவகாசம் கிடைத்தது.

பார்த்தபோது அப்பாச்சி புராசஸ்கள் எண்பதுக்கும் மேல். கான்ஃபிக் கோப்பில் உச்சவரம்பு 150 என்று இருந்தது. யாரும் வைத்தது அல்ல. உபுண்டு நிறுவும்போதே வரும் எண். பழைய முறையில், அதாவது பிஎச்பியை அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஏற்றும் முறையில், ஒவ்வொரு அப்பாச்சி புராசஸும் முழு பிஎச்பியையும் சுமக்கும். படம் ஒன்றைத் தரவும் அதே யானை, எழுத்துரு ஒன்றைத் தரவும் அதே யானை. ஒன்றுக்கு 70 எம்பி என்று டாப் கட்டளை காட்டியது. 150-ஐ 70-ஆல் பெருக்கினால் 10,500 எம்பி. இருப்பதோ 4 ஜிபி.

சின்ன திருத்தம் ஒன்று சொல்ல வேண்டும். டாப் காட்டும் அந்த 70, பல புராசஸ்கள் பங்குபோட்டுக்கொள்ளும் நினைவகத்தையும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாக எழுதுகிறது. பங்கைப் பிரித்துப் பார்க்க எஸ்மெம் என்ற கருவி இருக்கிறது. அது காட்டியது சராசரியாக 45 எம்பி. அப்படிப் பார்த்தாலும் 150 பேருக்கு 6,750 எம்பி வேண்டும். கையில் இல்லாத ரேமை யாருக்கும் தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது இந்தச் சர்வர்.

ஏன் 2 மணி?

வரம்பு தப்பு என்பது சரி. ஆனால் பகலில் கூட்டம் இருக்கும்போது விழாமல், ஆள் இல்லாத இரவில் ஏன் எண்பது புராசஸ்கள்?

அணுகல் லாகைப் பார்த்தால் விடை கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. பதினோரு தளங்களும் ஒரே லாக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தன. வழக்கமான லாக் வடிவத்தில் ஐபி முகவரி, நேரம், கேட்ட பாதை எல்லாம் வரும். எந்த டொமைனைக் கேட்டார்கள் என்பது வராது. எட்டு வேர்ட்பிரஸிலும் உள்நுழைவுப் பக்கத்தின் பாதை ஒன்றுதான். அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? லாக் வடிவத்தை மாற்றி, ஒவ்வொரு வரியின் தலையிலும் தளத்தின் பெயர் வரும்படி செய்துவிட்டு இன்னொரு இரவு காத்திருந்தேன். பல தளங்களை ஒரே சர்வரில் வைப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

மறுநாள் படம் தெளிவானது. கைவிடப்பட்ட ஒரு தளத்தின் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்புக்கு (வெளி நிரல்கள் வேர்ட்பிரஸுடன் பேசும் வாசல்) நொடிக்குச் சுமார் பத்துக் கோரிக்கைகள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் போட்கள், அதாவது தானியங்கி நிரல்கள். வேடிக்கை என்னவென்றால், அவை இரவில் மட்டும் வரவில்லை. நாள் முழுக்க, அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தன.

அப்படியானால் 2 மணிக்கு மாறியது போட் இல்லை, சர்வர். அந்த நேரத்தில்தான் பேக்கப் ஸ்கிரிப்ட் தொடங்கும். பதினோரு தளங்களையும் சுருட்டி, டேட்டாபேஸ்களை எல்லாம் ஒன்றாக இறக்கி, அதே டிஸ்கில் எழுதும். டிஸ்க் மூச்சுத் திணறும். பகலில் 0.3 நொடியில் முடியும் கோரிக்கை, அப்போது 8 நொடி எடுக்கும்.

வரிசைக் கோட்பாட்டில் ஒரு விதி உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவியது. ஒரு இடத்தில் சராசரியாக எத்தனை பேர் நிற்பார்கள் என்று தெரிய வேண்டுமா? வரும் வேகத்தையும், ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தையும் பெருக்கு. பகலில் நொடிக்குப் பத்து, ஆளுக்கு 0.3 நொடி: மூன்று புராசஸ் போதும், யாருக்கும் தெரியாது. இரவில் நொடிக்குப் பத்து, ஆளுக்கு 8 நொடி: எண்பது. எண்பதை 45 எம்பியால் பெருக்கினால் 3,600. மைஎஸ்க்யூஎல் 500. 4 ஜிபி அங்கேயே நிரம்பிவிட்டது. ஓஓஎம் கில்லர் எழுந்து, எட்டுத் தளங்களுக்கும் பொதுவான ஒரே டேட்டாபேஸைச் சாய்க்கிறது.

யாருமே பார்க்காத ஒரு தளம். அதன் கதவைத் தட்டும் போட். அதனால் இரவு ஆர்டரை இழந்தது இணையக் கடை. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஒரே இயந்திரத்தில் நடுவே சுவர் இல்லாமல் குடியிருந்தன என்பதைத் தவிர.

அந்தக் கோப்பை மூடினேன், வரம்பை 40-க்கு இறக்கினேன், பேக்கப்புக்கு டிஸ்க் முன்னுரிமையைக் குறைத்தேன். அன்றிலிருந்து இரவு விழவில்லை. கதை இங்கேயே முடிந்திருக்கும்.

தேடாமல் கிடைத்தது

டிஸ்க்கை எது நிரப்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு தளத்தின் படங்கள் போடும் ஃபோல்டரில் ஒரு பிஎச்பி கோப்பு கண்ணில் பட்டது. அங்கே படம்தான் இருக்க வேண்டும். பிஎச்பிக்கு அங்கே வேலையே இல்லை. திறந்தால், ஒரே வரியில் நீளமான கிறுக்கல். அதை விரித்து அப்படியே இயக்கும் கட்டளை. ஊடுருவியவர் மறுபடி நுழைய விட்டுச்செல்லும் பின்வாசல். எல்லாத் தளங்களின் படக் ஃபோல்டர்களிலும் பிஎச்பி கோப்புகளைத் தேடச் சொன்னேன். மூன்று தளங்களில் கிடைத்தன. கோப்பின் மாற்றத் தேதியைப் பார்த்தால் 2019. நம்பக் கூடாது. அந்தத் தேதியை யார் வேண்டுமானாலும் ஒரு கட்டளையில் திருத்தலாம். ஐநோடு (கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவு) மாறிய நேரம் என்று இன்னொன்று இருக்கிறது. அதைச் சாதாரண வழியில் திருத்த முடியாது. அதன்படி மூன்றும் ஒரே நாளில், சில நொடி இடைவெளியில் வந்தவை.

நுழைந்த வழி அந்தக் கைவிடப்பட்ட தளம்தான் என்று லாகில் தெரிந்தது. பல வருடம் புதுப்பிக்கப்படாத ஒரு பிளகின். ஆனால் மற்ற இரண்டு தளங்களும் முறையாகப் புதுப்பிக்கப்பட்டவை. அவற்றில் எப்படி? பதினோரு தளங்களும் அப்பாச்சியின் ஒரே யூசர் பெயரில் ஓடின. ஒரு தளத்தில் கோடு இயக்க முடிந்தவர், மற்ற பத்தின் கோப்புகளையும் படிக்கலாம், எழுதலாம். ஒவ்வொரு வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பிலும் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கிறது. போதாக்குறைக்கு எட்டில் ஐந்து தளங்கள் டேட்டாபேஸின் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கையே பயன்படுத்தின. ஒரு வீட்டுச் சாவி பதினோரு வீட்டையும் திறந்தது என்று சொன்னால்கூடக் குறைவுதான். தெருவின் பத்திரமே அந்த ஒரு வீட்டு அலமாரியில் இருந்தது.

சுத்தம் செய்யலாமே என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். மூன்று கோப்பைக் கண்டுபிடித்தேன் என்பதற்கு மூன்றுதான் இருக்கிறது என்று பொருள் இல்லை. வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளை அதிகாரபூர்வச் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவியில் வசதி உண்டு. ஆனால் அது தீம்களையும் டேட்டாபேஸுக்குள் ஒளித்து வைத்த கணக்குகளையும் பார்க்காது. அதனால் பழையதைத் துடைப்பதில்லை. புது இயந்திரம், புது நிறுவல். பழையதிலிருந்து வருவது உள்ளடக்கமும் படங்களும் மட்டும் என்று முடிவானது. எல்லாப் பாஸ்வேர்டுகளும் புதிது.

சுவர்கள்

புது சர்வரில் டெபியன் 12, அப்பாச்சிக்குப் பதில் எஞ்சின்எக்ஸ், பிஎச்பி 8.2, மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதில் மரியாடிபி. இயந்திர அளவு அதே 4 ஜிபி. பெரிதாக வாங்கலாமே என்று தோன்றும். கணக்கு இல்லாமல் ஓடும் சர்வருக்கு 8 ஜிபி கொடுத்தால், விழும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி லினக்ஸ் யூசர், தனி ஹோம் ஃபோல்டர், அதன் அனுமதி 750, அதாவது உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்கு நுழையவும் படிக்கவும் மட்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிஎச்பி தளத்துக்கும் அந்த யூசர் பெயரிலேயே ஓடும் தனி பிஎச்பி-எஃப்பிஎம் பூல் (பிஎச்பியை இயக்கும் புராசஸ்களின் கூட்டம்), எஞ்சின்எக்ஸ் அதோடு பேசத் தனி சாக்கெட், தன் டேட்டாபேஸை மட்டும் தொடக்கூடிய தனிக் கணக்கு. படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் எஞ்சின்எக்ஸ் நேராகப் படித்துக் கொடுக்க வேண்டுமே? அதற்காக எஞ்சின்எக்ஸின் யூசரை ஒவ்வொரு தளத்தின் குழுவிலும் சேர்த்தேன். திசை முக்கியம். தளத்தின் யூசரை எஞ்சின்எக்ஸின் குழுவில் சேர்த்தாலும் பக்கம் திறக்கும்; ஆனால் அந்தக் குழுவுக்குத் திறந்துவிட்ட ஃபோல்டர்கள் எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிடும். கட்டிய சுவரில் நாமே ஓட்டை போட்ட கதை.

யூசர்களைப் பிரித்ததும் எல்லாம் பிரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு இடங்கள் மிச்சம் இருந்தன. ஒன்று, தற்காலிகக் கோப்புகள் போகும் பொது ஃபோல்டர். பதிவேற்றங்களுக்கும் செஷன்களுக்கும் (வருபவரை நினைவில் வைக்கும் கோப்புகள்) ஒவ்வொரு பூலிலும் தனி இடம் ஒதுக்கினேன். இதில் ஒரு கண்ணி இருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன். இன்னொன்று ஓபிகேஷ், அதாவது தொகுத்த பிஎச்பி கோடைச் சேமித்து வைக்கும் வசதி. ஒரே எஃப்பிஎம் தாய்ப் புராசஸின் கீழ் பிறக்கும் எல்லாப் பூல்களும் தொகுத்த கோடு வைக்கும் நினைவகத்தைப் பகிர்கின்றன. கோப்பைப் படிக்க அனுமதி இல்லாத யூசர், ஏற்கெனவே கேஷில் இருக்கும் வடிவத்தை எடுத்துவிடாமல் இருக்க அனுமதியைச் சரிபார்க்கும் அமைப்பு ஒன்று உண்டு. இயல்பில் அது அணைந்திருக்கும். போட்டுவிட்டேன்.

ரேம் கணக்கை இந்த முறை முன்னாடியே எழுதினேன். 4,096-இல் இயங்குதளத்துக்கும் எஞ்சின்எக்ஸுக்கும் 400. மரியாடிபிக்கு 900, அதில் பஃபர் பூல் 512. எதிர்பாராத செலவுக்கு 500, தொடக் கூடாது. மிச்சம் 2,296. பிஎச்பி புராசஸ் ஒன்றுக்கு 55 என்று தாராளமாக வைத்தால் 41 பேர். ஒன்பது பிஎச்பி தளங்கள்: கடைக்கு 12, இதழுக்கு 8, மற்ற ஏழுக்கும் ஆளுக்கு மூன்று. கூட்டினால் 41. வேண்டும்போது மட்டும் பிறந்து வேலை முடிந்தால் மறையும் ஆன்டிமாண்ட் முறையில் வைத்ததால், சாதாரண நாளில் பத்துக்கு மேல் ஓடுவதில்லை. ஆனால் ஒன்பது தளங்களுக்கும் ஒரே நொடியில் கூட்டம் வந்தாலும் ரேம் தீராது. அந்த உத்தரவாதம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

எஞ்சின்எக்ஸில் கவனம் எடுத்தது ஒரே விஷயத்தில். ஒரே ஐபியில் பல டொமைன்களை வைக்க முடிவதே, உலாவி தான் கேட்கும் டொமைனின் பெயரைச் சொல்வதால்தான்: எச்டிடிபி 1.1-இன் ஹோஸ்ட் தலைப்பிலும், என்க்ரிப்ஷன் தொடங்கும்போது எஸ்என்ஐ வழியாகவும். நமக்குத் தெரியாத பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால்? தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் எஞ்சின்எக்ஸ் முதலில் ஏறிய தளத்தைக் காட்டிவிடும். பழைய அப்பாச்சியும் அப்படித்தான். அதில் யாரோ ஒருவரின் காலாவதியான டொமைன் நம் ஐபியைக் காட்டிக்கொண்டிருந்ததால், ஒரு தளம் இரண்டு பெயர்களில் தெரிந்தது. புதியதில், பெயர் தெரியாதவருக்குப் பதிலே சொல்லாமல் இணைப்பை அறுக்கும் இயல்புத் தொகுதி ஒன்றை முதலில் வைத்தேன்.

எஸ்எஸ்எச்-சில் சாவி மட்டும், பாஸ்வேர்ட் கிடையாது. ஃபயர்வாலில் மூன்று வாசல். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக. இதையெல்லாம் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

இடமாற்றம்

இரண்டு நாள் முன்பே டொமைன்களின் டிடிஎல் மதிப்பை (ஐபி முகவரியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பது) 86,400-இலிருந்து 300 நொடிக்கு இறக்கினேன். என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மட்டும் புது ஐபியை எழுதி, ஒவ்வொரு தளத்தையும் யாருக்கும் தெரியாமல் சோதித்தேன். எட்டு வேர்ட்பிரஸ் தளங்களும் சமர்த்தாக வந்தன.

பழைய பிஎச்பி பயன்பாடுதான் வேலை வாங்கியது. பிஎச்பி 8-இல் நீக்கப்பட்ட இரண்டு ஃபங்ஷன்களை அது முப்பது நாற்பது இடங்களில் அழைத்தது. அது பரவாயில்லை, தேடி மாற்றிவிடலாம். தமிழ் எழுத்துகள் எல்லாம் குப்பையாகத் தெரிந்ததுதான் தலைவலி. டேட்டாபேஸ் அட்டவணை, தன் எழுத்துக் குறியாக்கம் லத்தீன்-1 என்று சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததோ தமிழைத் தாங்கும் இன்னொரு குறியாக்கமான யுடிஎஃப்-8 பைட்டுகள். இணைப்பும் லத்தீன்-1 என்றே பேசியதால் பழைய சர்வரில் பொய்யும் பொய்யும் சேர்ந்து உண்மையாகத் தெரிந்தது. டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுக்கும் கருவி நேர்மையானது. லத்தீன்-1 என்று நம்பி அதை இன்னொரு முறை யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டது. டம்ப் எடுக்கும்போதும் லத்தீன்-1 என்றே பொய் சொல்லி, பைட்டுகளை மாறாமல் இறக்கி, கோப்புக்குள் எழுத்துக்குறி அறிவிப்புகளை மட்டும் யுடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி ஏற்றினேன். எழுத்துகள் உயிர்த்தன.

சான்றிதழில் ஒரு தளம் அடம்பிடித்தது. எச்டிடிபிஎஸ் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், நம் தளத்தின் 80-ஆவது போர்ட்டில் ஒரு கோப்பைக் கேட்டுச் சரிபார்க்கும். என் உலாவியில் அந்தக் கோப்பு அழகாகத் திறந்தது. அவர்களுக்கு மட்டும் 404, 'கோப்பு இல்லை'. நான்கு முறை முயன்ற பிறகுதான் புரிந்தது: அந்த டொமைனுக்கு ஐபிவி6 (புதுவகை ஐபி) முகவரிப் பதிவு ஒன்று இருந்தது, அதை நான் மாற்றவில்லை. என் இணைப்பில் ஐபிவி6 இல்லாததால் எனக்குப் புது சர்வர் தெரிந்தது. லெட்ஸ் என்க்ரிப்ட் ஐபிவி6 இருந்தால் அதைத்தான் முதலில் நாடும். பழைய சர்வர் அங்கே இருந்துகொண்டு இல்லை என்று பதில் சொல்லியது. ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து தோல்விக்கு மேல் அனுமதி இல்லை. இதற்கென்று சோதனைச் சர்வர் வைத்திருக்கிறார்கள். அதில் முயன்றுவிட்டு வந்திருக்க வேண்டும்.

எதிர்பார்க்காத தடை இன்னொன்று. ஒரு டொமைனின் பதிவுக் கணக்கு, வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சலில் இருந்தது. அவரைப் பிடித்து டிஎன்எஸ்ஸை மாற்ற ஒன்பது நாள் ஆனது. அதுவரை பழைய சர்வரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வருவதை அப்படியே புதியதற்குத் தள்ளும் புராக்ஸியாக மட்டும் அதை ஓட்டினேன். தொழில்நுட்பத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினாலும், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியை முதல் நாளே கேட்கவில்லை என்றால் இப்படித்தான்.

மூன்று மாதம் கழித்து

சரி, முடிந்தது என்று நினைத்த ஒரு காலையில் எல்லாத் தளங்களிலும் படம் ஏற்ற முடியவில்லை. லாகில் 'டிஸ்கில் இடமில்லை'. டிஸ்க்கைப் பார்த்தால் நாற்பது சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது. இடம் இருக்கிறது, இடமில்லை என்கிறது.

ஐநோடுகளை எண்ணிப் பார்த்தேன். நூறு சதவீதம். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, உருவாக்கும்போதே 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோடுகளை ஒதுக்கிவிடும். 80 ஜிபிக்குச் சுமார் 52 லட்சம். ஒவ்வொரு கோப்புக்கும், அது எவ்வளவு சின்னதானாலும், ஒன்று போய்விடும். யார் தின்றது? பழைய பிஎச்பி பயன்பாட்டின் செஷன் ஃபோல்டர். வரும் ஒவ்வொரு போட்டுக்கும் அது ஒரு செஷன் கோப்பைத் திறந்து வைத்திருந்தது.

நான் முன்பு சொன்ன கண்ணி இதுதான். டெபியனில் பிஎச்பி தானாகச் செஷன்களைச் சுத்தம் செய்யாது. சில கோரிக்கைகளின்போது தற்செயலாகச் சுத்தம் செய்யும் வாய்ப்பைச் சுழியமாக வைத்துவிட்டு, வெளியே ஒரு ஸ்கிரிப்ட்டிடம் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஸ்கிரிப்ட் பிஎச்பியின் முதன்மை அமைப்புக் கோப்பில் சொன்ன ஃபோல்டரைப் பார்க்கும். நான் பூல் கோப்புகளில் எழுதிய தனி ஃபோல்டர்கள் அதன் கண்ணில் படாது. பாதுகாப்புக்காகச் செஷன்களைப் பிரித்தேன். பிரித்ததாலேயே குப்பை அள்ள ஆள் இல்லாமல் போனது. நட்சத்திரக் குறி போட்டு அழிக்கப் பார்த்தால், பட்டியல் நீளம் அதிகம் என்று ஷெல் மறுத்துவிட்டது. ஃபைண்ட் கட்டளையிடமே அழிக்கும் வேலையையும் கொடுத்து, முடிய அரைமணி காத்திருந்தேன். பிறகு ஒவ்வொரு பூலிலும் சுத்தம் செய்யும் வாய்ப்பைத் திரும்பப் போட்டேன். கண்காணிப்பில் ஐநோடு எண்ணிக்கையும் சேர்ந்தது.

இதே வாரத்தில்தான் பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையும் நடந்தது. பேக்கப் இருக்கிறது என்பதற்கும் மீட்க முடியும் என்பதற்கும் உள்ள தூரத்துக்கு, கோடு சேமிக்கும் தளமான கிட்லாப் 2017 ஜனவரி 31 அன்று கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். தவறான சர்வரில் டேட்டாபேஸ் அழிந்தபோது, பதிப்பு பொருந்தாமல் பேக்கப் கருவி தோற்றுக்கொண்டிருந்ததும், எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்து சேராததும் அப்போதுதான் தெரிய வந்தன. என் ஒத்திகையில் இதழின் படங்கள் வரவில்லை. இடம் கருதிப் படக் ஃபோல்டரை வேறு இடத்தில் வைத்து, அதைச் சுட்டிக்காட்டும் ஒரு குறியிணைப்பு போட்டிருந்தேன். பேக்கப் கருவியான ரெஸ்டிக் அந்த இணைப்பைப் பத்திரமாகச் சேமித்திருந்தது. இணைப்பு காட்டும் இடத்தை அல்ல. மூன்று மாதமாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த பேக்கப்.

அதன்பின் பெரிய சம்பவம் ஒன்றே ஒன்று. இணையக் கடை தள்ளுபடி அறிவித்த நாளில், அதன் பூல் 12-ஐத் தொட்டுவிட்டது என்று எஃப்பிஎம் லாகில் எச்சரிக்கை வந்தது. கடை திணறியது, சிலருக்கு 504 பிழை, அதாவது நேரத்துக்குள் பதில் வரவில்லை. அதே நேரத்தில் மற்ற தளங்களின் பதில் நேரத்தைப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. இதழின் ஆசிரியர் அன்று மூன்று கட்டுரை ஏற்றியிருக்கிறார், எதுவும் தெரியவில்லை. கடைக்காரர் எண்ணைக் கூட்டச் சொன்னார். கூட்டினால் அந்தத் தொடக் கூடாத 500-இல் கை வைக்க வேண்டும். முடியாது என்று சொல்லி, அடுத்த மாதம் அவரைத் தனி சர்வருக்கு மாற்றினேன்.

இப்போது இந்த இயந்திரத்தில் பன்னிரண்டு இடம் காலியாக இருக்கிறது. மூன்று புதுத் தளங்களை வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். டொமைன்கள் யார் கணக்கில் இருக்கின்றன என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.